புரோபை எங்கே வைத்தாய்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுச் செயலாளர் ஒரு வாரமாக என்னைத் துரத்தினார். கவிதை எனக்கு வராது. நட்பைப் பற்றியும், கடைசி பெஞ்சைப் பற்றியும், பிரியப் போகும் கண்ணீரைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுத இந்த வளாகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது எங்கள் அக்காவைப் பற்றி. கூடவே நம் லேபில் கிடக்கும் சி.ஆர்.ஓ. புரோபைப் பற்றியும். இரண்டுக்கும் என்னடா சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம். பொறுமையாகப் படியுங்கள்.

மூன்றாவது செமஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் லேப் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு வந்தது ஆர்.சி. கப்பிள்டு ஆம்ப்ளிஃபயர். பிரெட்போர்டில் கனெக்‌ஷன் சரி, சப்ளை சரி, ஃபங்ஷன் ஜெனரேட்டரும் சரி. திரையில் மட்டும் ஒரே நேர்க்கோடு! டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி இரண்டு டிரான்சிஸ்டரை மாற்றியும் பார்த்துவிட்டேன். லேப் சார் வந்தார். திரையை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து போர்டைப் பார்த்தார்.

"புரோபை எங்கடா வச்சிருக்கே?"

நான் வைத்திருந்தது சப்ளை லைனில்! லேபே சிரித்தது.

"சர்க்யூட் பொய் சொல்லாதுடா. நீ கேட்ட எடத்துக்கு அது ஒழுங்காத்தான் பதில் சொல்லுது. தப்பான எடத்துல கேட்டுட்டு டிரான்சிஸ்டரைத் திட்டாதே" என்றார் சார்.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு உண்மையில் புரிந்தது லேபில் அல்ல. நான்கு மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில்.

* * *

எங்கள் அப்பா தறி ஓட்டுகிறவர். அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். பிளஸ் டூவில் என்னைவிட நல்ல மார்க் வாங்கியவள். "தம்பி படிக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் தன் படிப்பை முடித்துக் கொண்டவள். நான் இங்கே கட்டிய முதல் வருட ஃபீஸ் அவளுடைய பீஸ் ரேட்டில் வந்தது.

நான் இரண்டாவது செமஸ்டர் பரீட்சை எழுதிக் கொண்டிருந்தபோது அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ராத்திரியில் உடம்பெல்லாம் வேர்வை, எடையும் குறைந்தது. முதலில் டி.பி. என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சதை எடுத்துப் பரிசோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று வந்தது. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். இளவயதுக்காரர்களுக்கும் வரும். "பயப்படாதீங்க, புற்றுநோய்களிலேயே நல்லா குணமாகக்கூடிய வகை இது" என்று டாக்டர் சொன்னார். ஆனால் 'புற்று' என்ற முதல் பாதியைக் கேட்டதும் எங்கள் அம்மாவுக்கு மறுபாதி காதில் விழவில்லை.

கீமோ தொடங்கும் முன் நோய் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க பெட் ஸ்கேன் எழுதினார்கள். கோயம்புத்தூருக்கு நான்தான் கூட்டிப் போனேன். வாசலிலேயே மஞ்சள் போர்டில் மூன்று இதழ் போட்ட கதிரியக்க அடையாளம். அம்மா என் கையைப் பிடித்துக் கொண்டார்.

"ஏஞ் சாமி, ஊசியில கதிர ஏத்தறாங்களாமே, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எனக்கு என்ன தெரியும்? நான் படித்தது டையோடும் டிரான்சிஸ்டரும். அங்கே வேலை பார்த்த டெக்னீஷியன் அண்ணன்தான் காப்பாற்றினார். நான் பாலிடெக்னிக் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "நானும் டிப்ளமாவுல ஆரம்பிச்சவன்தான் தம்பி. உக்காருங்க, சொல்றேன்" என்றார். ஊசி போட்ட பிறகு அக்கா தனி அறையில் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வந்து போய், வந்து போய் எனக்குச் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்ததும்தான் கீழே வருவது.

* * *

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எல்லாம் நாம் பவரை ஆஃப் செய்துவிட்டு போர்டைப் பார்ப்பது மாதிரி. எந்த காம்பொனென்ட் எங்கே இருக்கிறது, எது வீங்கியிருக்கிறது, எது உடைந்திருக்கிறது என்பது தெரியும். ஆனால் சர்க்யூட் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் பவர் ஆனில் இருக்கும்போதே புரோபை வைக்க வேண்டும். மனித உடம்பில் பவர் ஆன் என்றால் உயிர். அந்த உயிர் ஓடிக் கொண்டிருக்கும்போதே உள்ளே போய் ஒரு குறிப்பிட்ட வேலை எங்கே நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு புரோப் வேண்டும். அந்த புரோப் கம்பியால் ஆனதல்ல. ஒரு மூலக்கூறு.

அக்காவுக்குப் போட்ட ஊசியின் பெயர் எஃப்.டி.ஜி. அடிப்படையில் அது சர்க்கரை; நம் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ்தான். அதன் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஓ.எச். தொகுதியை எடுத்துவிட்டு அங்கே ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை வைத்திருக்கிறார்கள். செல்லுக்கு இந்த வித்தியாசம் வாசலில் தெரியாது. சர்க்கரை என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். உள்ளே ஒரு நொதி அதற்கு பாஸ்பேட் மாட்டிவிடும். அதற்கு அடுத்த படியில்தான் செல் விழித்துக் கொள்கிறது: இது செரிக்கிற சர்க்கரை இல்லை! ஆனால் பாஸ்பேட் மாட்டிய பிறகு அது சுலபத்தில் வெளியேயும் போக முடியாது. எலிப்பொறியில் எலி மாட்டுவது போல உள்ளேயே மாட்டிக் கொள்கிறது. எந்தச் செல் அதிகம் சர்க்கரை தின்கிறதோ அங்கே அதிகம் சேரும். பல புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரைக்குப் பேய்த்தனமாய் அலைபவை. இதை ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டு சொன்னார்.

சரி, சேர்ந்தது எங்கே என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? இங்கேதான் நம் சப்ஜெக்ட் வருகிறது. ஃப்ளோரின்-18 சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளியே வரும். அது பக்கத்தில் இருக்கும் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, இரண்டு காமாக் கதிர்த் துகள்களாக மாறும். ஒவ்வொன்றுக்கும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். இரண்டும் நேர் எதிர்த் திசையில் பறக்கும். உடம்பைச் சுற்றி வளையமாக டிடெக்டர்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு டிடெக்டரில் சில நானோ செகண்டுக்குள் பல்ஸ் வந்தால் மட்டும் அது கணக்கில் சேரும். ஒன்றில் மட்டும் வந்தால் தள்ளுபடி.

"அண்ணா, இது ஆண்ட் கேட் மாதிரி இருக்குதே!" என்றேன்.

"மாதிரி என்ன தம்பி, அதேதான்! ரெண்டு இன்புட்டும் ஒண்ணா வந்தாத்தான் அவுட்புட்" என்று சிரித்தார்.

நண்பர்களே, டிஜிட்டல் லேபில் ட்ரூத் டேபிள் போட்டு ரெக்கார்டு எழுதும்போது இது எதற்கு உதவும் என்று எத்தனை முறை கொட்டாவி விட்டிருப்போம்! அந்த ட்ரூத் டேபிள்தான் சுவருக்கு அப்பால் எங்கள் அக்காவைப் படம் பிடித்துக் கொண்டிருந்தது.

அம்மாவின் பயத்துக்கும் அண்ணன் பதில் சொன்னார். நல்ல புரோப் சர்க்யூட்டை லோடு செய்யக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள் அல்லவா? டென்-டு-ஒன் புரோபின் உள்மின்தடை 10 மெகா ஓம் என்பது அதற்காகத்தானே? இங்கேயும் அதே விதி. நான் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 மில்லிகியூரி அளவு ஊசியில் கதிரியக்க அணுவைச் சுமக்கும் சர்க்கரை, ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் வருகிறது! இவ்வளவு சொற்பம் வந்து போனது உடம்பின் வேலைக்குத் தெரியவே தெரியாது. கதிர்வீச்சு கொஞ்சம் உண்டு, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் தேவை இருந்தால் மட்டும் எடுக்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். சில மணி நேரம் கைக்குழந்தைகளைத் தூக்க வேண்டாம் என்கிறார்கள்.

ஃப்ளோரின்-18 தானாகவே ஓய்ந்துவிடும். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். அதாவது 110 நிமிடத்தில் பாதி, 220 நிமிடத்தில் கால், 550 நிமிடத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நோயாளிக்கு இது வரம். ஆனால் மருந்தைக் கொண்டு வருகிறவருக்கு? சைக்ளோட்ரானில் புரோட்டானை ஏவி, ஆக்சிஜன்-18 கொண்ட தண்ணீரிலிருந்து இந்த ஃப்ளோரினைச் செய்து, சர்க்கரையில் ஏற்றி, தரம் பார்த்து, ஈயப் பெட்டியில் வைத்து வேனில் அனுப்புகிறார்கள். வழியில் ரயில்வே கேட் போட்டால் அதற்கும் சேர்த்துச் சரக்கு கரையும்! இதை வாங்கி ஸ்டாக் வைக்க முடியாது. யாரோ ராத்திரி கண் விழித்தால்தான் காலையில் ஒரு நோயாளிக்கு ஸ்கேன். நம் நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் மும்பையிலுள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் 2002-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் அக்காவைப் போன்றவர்களுக்கு இங்கே இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

* * *

இந்த யோசனைக்கெல்லாம் தாத்தா ஒருவர் இருக்கிறார். ஜார்ஜ் டி ஹெவஸி, ஹங்கேரிக்காரர். ஹாஸ்டல் நண்பர்கள் அவருக்கு ஒரு படம் மாட்டலாம்! 1911 வாக்கில் மான்செஸ்டரில் ஒரு வீட்டில் சாப்பாட்டுடன் தங்கியிருந்தார். மிச்சம் விழுந்த கறியையே மறுபடி உருமாற்றிப் போடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். கேட்டால் வீட்டுக்கார அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் தட்டில் மிச்சம் வைத்ததில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைச் சேர்த்துவிட்டார். சில நாள் கழித்து வந்த புதுப் பதார்த்தத்துக்கு முன்னால் கருவியை வைத்தார்... மாட்டிக் கொண்டது! நம் மெஸ் சாம்பாருக்கு யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். விளைவைத் தாங்க மாட்டோம்.

இது அவரே சொன்னதாக வழங்கும் கதை. ஆனால் 1923-இல் அவரை விதைச் செடி வேரிலிருந்து ஈயத்தை எப்படி உறிஞ்சுகிறது என்று கதிரியக்க ஈயத்தை வைத்து அவர் பார்த்தது விஞ்ஞான வரலாறு. 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு, இப்படித் தடம் பிடிக்கும் முறைக்காக அவருக்குக் கிடைத்தது. செடியை வெட்டாமல், எரிக்காமல், அது வளரும்போதே உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கலாம் என்பதுதான் அவர் காட்டிய வழி.

எஃப்.டி.ஜி.யை அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக் கூடத்தில் தட்சுவோ இடோ, ஆல்ஃபிரட் வுல்ஃப், ஜோயன்னா ஃபௌலர் ஆகியோர் இருந்த குழு செய்தது. 1976 ஆகஸ்டில் அதை ஃபிலடெல்ஃபியாவுக்கு எடுத்துப்போய் முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தினார்கள். அப்போது அவர்கள் பார்க்க விரும்பியது மூளையை. மூளைதான் எப்போதும் சர்க்கரை தின்று கொண்டே இருக்கிறதே! பிற்பாடுதான் அது புற்றுநோய்க்கு இந்த அளவுக்குப் பயன்படத் தொடங்கியது.

* * *

அக்காவுக்கு இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் மறுபடி ஒரு ஸ்கேன். இந்த ஸ்கேனுக்கு மார்க் போடும் முறை இருக்கிறது. 2009-இல் ஃபிரான்சில் டோவில் என்ற ஊரில் கூடிய நிபுணர்கள் வகுத்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை. நம் பரீட்சைக்கு நேர் எதிர். மார்க் குறைந்தால்தான் பாஸ். கட்டி இருந்த இடத்தின் ஒளியை ஈரலின் ஒளியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அக்காவுக்கு இரண்டு மார்க். கழுத்திலும் நெஞ்சிலும் தீப்பொறி போல இருந்த இடமெல்லாம் அணைந்திருந்தது.

டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதோடு நிற்கவில்லை. கொடுத்துக் கொண்டிருந்த நான்கு மருந்துகளில் பிளியோமைசின் என்பதை நிறுத்திவிட்டார். அது நுரையீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. இடைக்கால ஸ்கேன் நன்றாக இருப்பவர்களுக்கு அதை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரலாம் என்று 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறதாம். ஒரு படம் ஒரு மனுஷியின் மூச்சைக் காப்பாற்றுகிறது என்றால், அது வெறும் படமா?

மீதி கீமோவும் முடிந்தது. முடி கொட்டிப் போயிற்று. உடம்பில் எலும்பும் தோலும்தான். முடிவு ஸ்கேனுக்கு மார்கழியில் தேதி கொடுத்தார்கள். விடியற்காலை நாலு மணி பஸ். அம்மா ஒரே ஒரு சால்வைதான் கொடுத்துவிட்டார். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. அக்கா ஜன்னலோரம். "உனக்கு நாளைக்கு டெஸ்ட் இருக்குதுல்ல, நீ தூங்குடா" என்று சால்வையை என் மேல் போட்டுவிட்டாள். நானும் நன்றாகத் தூங்கினேன். அங்கே போனதும் ஏ.சி. ஹாலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகுதான் ஊசி.

சாயங்காலம் படங்களைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். பொறுத்திருக்கலாம் அல்லவா? நான்தான் 'எல்லாம் தெரிந்தவன்' ஆயிற்றே! வீட்டுக்கு வந்ததும் கவரைப் பிரித்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன்.

கழுத்தின் இரண்டு பக்கமும், தோள்பட்டை எலும்புக்கு மேலேயும் பளிச்சென்று ஒளி. முதல் ஸ்கேனில் எங்கே எரிந்ததோ ஏறக்குறைய அதே கழுத்தில்!

என் கை நடுங்கிற்று. அம்மா முகத்தைப் பார்த்தார். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். "திரும்ப வந்துருச்சும்மா."

அந்த இரண்டு நாளை எப்படி எழுதுவது? அம்மா சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டார். அப்பா யாரிடமோ போய் வட்டிக்குப் பணம் கேட்டுவிட்டு வந்தார். அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. தன் தையல் கத்தரியை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஆபீசில் வந்து டி.சி.க்கு மனு எழுதினேன். இனி அவளால் வேலைக்குப் போக முடியாது; தறிக்கோ கம்பெனிக்கோ நான்தான் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். மனுவைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டேதான் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். நான் முந்திக் கொண்டு, "சார், கழுத்துல திரும்ப வந்திருக்குதுங்களே..." என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "தம்பி, நீ பார்த்தது ஒரு படம். இங்க ரெண்டு படம் இருக்கு" என்றார். எஃப்.டி.ஜி. ஒளியை மட்டும் காட்டினார்; நான் பார்த்த அதே வெளிச்சம். அடுத்து அதே இடத்தின் சி.டி. படத்தை அதன் மேல் பொருத்தினார். "இந்த வெளிச்சம் இருக்கற எடத்துல கட்டி ஏதாவது தெரியுதா? வெறும் கொழுப்பு. ரெண்டு பக்கமும் ஒரே அச்சா இருக்கு பாரு. இது பழுப்புக் கொழுப்பு. குளிர் அடிச்சா உடம்பைச் சூடாக்கறதுக்கு இந்தக் கொழுப்பு சர்க்கரையை எரிக்கும். இளவயசு, ஒல்லியான உடம்பு, பொம்பளைப் பிள்ளை... இவங்களுக்கு அதிகம் தெரியும். அன்னிக்கு உங்க அக்கா குளிர்ல நடுங்கிச்சா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஜன்னலோர சீட்டும், என் மேல் கிடந்த சால்வையும் கண் முன்னால் வந்தன.

"பழைய கட்டி இருந்த எடமெல்லாம் சுத்தமா இருக்கு. நோய் இல்லை. இதுக்காக மறுபடி ஸ்கேன்கூட வேண்டாம். செக்கப்புக்கு மட்டும் ஒழுங்கா வாங்க" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோதுதான் லேப் சாரின் குரல் கேட்டது. புரோபை எங்கடா வச்சிருக்கே? சர்க்யூட் பொய் சொல்லாதுடா...

உண்மைதான். எஃப்.டி.ஜி. பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, 'சர்க்கரை எங்கே எரிகிறது?' என்பதுதான். அது ஒழுங்காகக் காட்டிவிட்டது. 'புற்று எங்கே?' என்பது நான் என் பயத்தில் போட்டுக் கொண்ட கேள்வி. டி.பி. கணுக்களும் இதில் ஒளிரும். சீழ் பிடித்த இடமும் ஒளிரும். ஊசி போட்ட பிறகு வாய் ஓயாமல் பேசினால் தொண்டைத் தசையும் ஒளிரும். அதனால்தான் முதலில் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதனால்தான் இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். டூயல் டிரேஸ் சி.ஆர்.ஓ. வைத்துக் கொண்டு ஒரே சானலைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன முட்டாள் நான்.

* * *

இதில் இன்னொரு ஆச்சரியம். வளர்ந்த மனிதர்களுக்குப் பழுப்புக் கொழுப்பு இருந்தாலும் ஒரு பொருட்டில்லை, அது கைக்குழந்தைகளுக்கு உரியது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பெட் ஸ்கேனில் கழுத்தில் வந்த இந்த வெளிச்சம் பலருக்குத் தொந்தரவாகவே தெரிந்தது. நம் பாஷையில் நாய்ஸ். ஆனால் சிலர் அந்த நாய்ஸையே உற்றுப் பார்த்தார்கள். 2009-இல் அமெரிக்கா, நெதர்லாந்து, ஃபின்லாந்து என்று மூன்று நாட்டுக் குழுக்கள் ஒரே சமயத்தில் இதைப் பற்றி எழுதின. அமெரிக்கக் குழு 1,972 பேரின் 3,640 ஸ்கேன்களைப் பார்த்தது. பெண்களில் 7.5 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 3.1 சதவீதம் பேருக்கும் இந்தக் கொழுப்பு வேலை செய்து கொண்டிருந்தது. ஒருவருக்கு நாய்ஸ், இன்னொருவருக்கு சிக்னல்!

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சர்க்கரை புரோப் ஒரு கேள்வி கேட்கிறது. வேறு கேள்விக்கு வேறு புரோப் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கின்றன. புராஸ்டேட் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் போய்ப் பிடிக்கும் பி.எஸ்.எம்.ஏ. புரோபுகளை 2020-க்குப் பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வரிசையாக அனுமதித்திருக்கிறது.

என்னை மிகவும் உலுக்கியது அல்சைமர் மறதி நோயின் கதை. 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் தன் நோயாளி இறந்த பிறகு அவருடைய மூளையைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் அந்தப் படிவுகளைக் கண்டார். அதற்குப் பின் சுமார் ஒரு நூற்றாண்டு அதே நிலைமை. அந்தப் படிவுகள் இருந்தனவா என்று உறுதியாகத் தெரிய, பெரும்பாலும் நோயாளி சாக வேண்டும்! பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் க்ளங்க், செஸ்டர் மேத்திஸ் என்ற இருவர் அந்தச் சாயத்தையே உயிருள்ள மூளைக்குள் அனுப்ப முடியுமா என்று யோசித்தார்கள். தையோஃபிளேவின் என்ற சாயம் அமிலாய்டு படிவில் நன்றாக ஒட்டும். ஆனால் அதற்கு மின்னூட்டம் இருப்பதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய மூளையின் காவல் விடாது. மின்னூட்டத்தை நீக்கி, கார்பன்-11 அணுவை மாட்டினார்கள். 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் உயிரோடிருக்கும் ஒரு நோயாளியின் மூளையில் அந்தப் படிவுகள் ஒளிர்ந்தன.

இரண்டே வரியில் சொல்லிவிட்டேன். அதற்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு என்று நினைத்துப் பாருங்கள். இலக்கில் ஒட்ட வேண்டும், மற்ற இடத்தில் ஒட்டக் கூடாது. அணுவை மாட்டினால் ஒட்டும் முனை கெட்டுவிடக் கூடாது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், சேராதது சீக்கிரம் வெளியேற வேண்டும். இத்தனையும் கதிரியக்கம் ஓய்வதற்குள் நடக்க வேண்டும். கார்பன்-11-க்கு அரை ஆயுள் 20 நிமிடம்தான்! எலியில் சரியாக வந்தது மனிதரில் வராமல் போகலாம். நம் லேபில் ஒரு அவுட்புட் வராவிட்டால் அரை மணியில் "சார், ஐ.சி. போச்சு" என்று கை கழுவுகிறோமே!

* * *

டி.சி. மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே கிழித்துப் போட்டேன். இப்போது மூன்றாம் வருடம் முடிக்கப் போகிறேன். ஒரே ஒரு அரியர் இருக்கிறது. அதையும் முடித்துவிடுவேன். மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அந்த வளையத்தில் ஒரு டிடெக்டர் பழுதானாலும் யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு அம்மா படுத்துவிடுவார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிக் கொள்கிறேன். மீட்டர் ஒரு ரீடிங் காட்டினால் நம்புங்கள். ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நம்புங்கள். யோசிக்கும் முன்னால் வீட்டில் வாயைத் திறக்காதீர்கள். நான் திறந்ததற்கு எங்கள் அம்மா இரண்டு நாள் பட்டினி கிடந்தார்.

அக்கா மறுபடி கம்பெனிக்குப் போகிறாள். முடி காது வரை வளர்ந்துவிட்டது. செக்கப்பில் இதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது இந்தப் பழுப்புக் கொழுப்பு, மூன்று நாடு, 3,640 ஸ்கேன் எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கிக் கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்தவள், போகிற போக்கில் சொன்னாள்:

"அப்ப எனக்குக் குளிருச்சுன்னு அந்த மெஷினுக்குத் தெரிஞ்சிருக்குது. பக்கத்துலயே சால்வையப் போத்திட்டு உக்காந்திருந்த உனக்குத் தெரியலையேடா!"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை